லைனுக்கு அந்தாண்ட ஒரு வீடு

1

நிலாவின் பிறந்தநாளுக்கு இந்த வருடம் கயலைக் கூப்பிடவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்குப் போய் ஒரு குறிப்பா என்று விழுப்புரத்தில் உட்கார்ந்து படிக்கிற நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். உங்களுக்கு ஒரு வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு விசேஷம் இருக்கும். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன நகரத்தில் தமிழ் பேசுகிற, ஒரே வயதுப் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். ஒருத்தி என் மகள் கயல். இன்னொருத்தி நிலா. நாலு வயதிலிருந்து சேர்ந்து விளையாடியவர்கள், இப்போது பதினொன்று ஆகிறது.

கூப்பிடாததற்குக் காரணம் என் வீட்டுக்கு அடியில் ஓடும் ஒரு பொம்மை ரயில். சிரிக்காதீர்கள்.

நான் நாட்டை விட்டு வந்ததற்குச் சம்பளம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. எனக்குப் பிறக்கிற பிள்ளை, தான் என்ன சாதி, தன் வீடு ரயில் லைனுக்கு எந்தப் பக்கம் என்கிற கணக்கெல்லாம் தெரியாமலே வளர்ந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், தண்ணீர்க் குழாயடியில் யாரும் ஒதுங்க மாட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் குளிர், இந்த மொழி, இந்த ரொட்டி எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். பதினொரு வருடம் அப்படியே ஓடியது. அதைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை, ரயில் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்த நான்தான்.

2

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கிற ஒரு சின்ன ஸ்டேஷன் எங்களுடையது. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லவில்லை. லைனுக்கு மேற்கே ஊர். கோயில், குளம், பள்ளிக்கூடம், மாடி வீடுகள், ரேஷன் கடை எல்லாம் அங்கே. கிழக்கே காலனி. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசையாக, அதற்கப்பால் ஏரி. மேற்கே போக வேண்டுமென்றால் கேட்டைத் தாண்டி லைனைக் கடக்க வேண்டும். என் அப்பா தினமும் காலையில் லைனைக் கடந்து ஊர்க்காரர்களுடைய மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலைக் காட்டுக்கு, வேலைக்குப் போவார், சாயங்காலம் லைனைக் கடந்து திரும்புவார்.

ஆறாம் வகுப்பில் என்னை விழுப்புரத்தில் அரசு விடுதியில் சேர்த்தார்கள். விடுதியில் சாம்பார் எப்படி இருக்கும் என்று இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் ஜங்ஷன் நடைமேம்பாலம். அப்போது மீட்டர்கேஜ். சென்னையிலிருந்து வருகிற மின்சார எஞ்சினை விழுப்புரத்தில் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். அந்தக் கொக்கி மாட்டுகிற சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாலத்தில் நிற்பேன்.

பார்த்ததைச் செய்யவும் ஆரம்பித்தேன். சிகரெட் அட்டையில் பெட்டி, சோடா மூடியில் சக்கரம், சைக்கிள் கம்பியில் அச்சு. பசைக்குப் பதில் விடுதிக் கஞ்சி. என் எஞ்சின் தள்ளினால்தான் ஓடும், ஆனாலும் பார்க்க அசல் எஞ்சின். பிறகு பாலிடெக்னிக், அரியர் வைக்கக் கூடாது என்கிற பயம், வேலை, இன்னொரு வேலை, விசா. அட்டைப் பெட்டிகள் எங்கே போயின என்று கூடத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் ரயில் என்றால் எனக்கு டிக்கெட்தான்.

3

திரும்ப ஆரம்பித்தது கயலால். அவளுக்கு ஏழு வயதிருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைக் கண்ணாடிக்குள் ஒரு ரயில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. “அப்பா, ரயில் வர்றான்” என்று கத்தினாள். இந்த ஊர் மொழியில் மேசை ஆண், விளக்கு பெண், ரயில் ஆண். அது அவள் தமிழுக்குள்ளும் நுழைந்துவிட்டது. நான் அவளைத் திருத்தவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆரம்பிக்கிறவர்களுக்கான பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். கயல் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள். நான் தரையில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ரயில் என் கண்ணுக்கு நேராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிற என் மனைவி ஸ்டெல்லா ட்யூட்டி முடிந்து வந்தவள் மேலே நின்று கேட்டாள்: “இன்னா ஆச்சி, மயக்கமா?”

அவளும் திண்டிவனத்துக்காரி. நக்கல் இல்லாமல் அவளுக்குப் பேச வராது.

வீட்டில் இடம் இல்லை. இங்கே அடுக்குமாடியில் ஆளுக்கொரு கெல்லர் தருவார்கள். கட்டடத்துக்கு அடியில், மண்ணுக்குள் இருக்கும் சாமான் அறை. அதில் சாமான்தான் வைக்கலாம், உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்று விதி. அனுமதி கேட்டு எழுதினேன். மின்சார இணைப்பு எப்படி, தீப்பிடித்தால் என்ன செய்வாய், சத்தம் எவ்வளவு வரும் என்று பதிலுக்கு ஒரு கட்டுக் கேள்விகள். கடைசியில் குடியிருப்போர் கூட்டத்துக்கே வரச் சொன்னார்கள். எனக்கு வந்த ஜெர்மனில், “நானும் என் மகளும் கீழே ஒரு ரயில் நிலையம் கட்டப் போகிறோம்” என்று சொல்லிவிட்டேன். தரைத்தளத்தில் இருக்கிற வயசான அம்மா முகம் வெளுத்துப்போனது. கயல் எழுந்து, என் வாக்கியத்தை உடைத்துச் சரியாகப் பூட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அனுமதி கிடைத்தது. பிள்ளை நமக்காகப் பேசுவது பெருமை என்று ஊரில் நினைப்பீர்கள். ஒருமுறை உங்களுக்கு அப்படி நடந்தால் தெரியும்.

4

என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கே பொம்மை ரயில்காரர்கள் எல்லோரும் பனிமலை, மரப்பாலம், தேவாலயம் என்று செய்வார்கள். நான் எங்கள் ஸ்டேஷனைச் செய்தேன். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. அந்த மீட்டர்கேஜ் மின்சார எஞ்சினை உலகத்தில் எந்தக் கடையிலும் விற்கவில்லை. சுவிட்சர்லாந்து மலை ரயில் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே பிளாஸ்டிக் தகட்டில் நானே உடம்பு செய்தேன். பெட்டிகளின் செங்காவி நிறத்தைக் கலந்தவள் கயல். கடையில் இருநூறு வகை ஊசியிலை மரம் வைத்திருக்கிறான், ஒரு பனைமரம் இல்லை. பல்குத்தும் குச்சியும் துடைப்பக் குச்சியுமாகப் பனைகளை அவளே செய்தாள்.

மனித பொம்மைகள் பாக்கெட்டில் வரும். எல்லாம் வெள்ளைக்காரர்கள், கோட்டு, தொப்பி. ஒவ்வொன்றாகப் பெயிண்ட் அடித்து வேட்டியும் புடவையும் கட்டிவிட்டோம்.

“எல்லாருக்கும் ஒரே பிரவுனாப்பா?” என்று கேட்டாள் கயல்.

“ஒரே பிரவுன்தான்” என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்று போன கோடைக்கு முந்தின கோடையில் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விழுப்புரம் ஜங்ஷனில் டேப்பை விரித்ததும் ஒரு காவலர் வந்துவிட்டார். “இன்னா சார் அளக்கறீங்க? ரயில்வே எடத்த வளச்சிப் போடப் போறீங்களா?” என்றார். பொம்மை செய்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் போட்டோவே எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் இன்னும் மோசம். அக்கா மல்லிகாதான் இப்போது காலனியில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். விக்கிரவாண்டியில் ரோட்டோர ஓட்டலில் சமையல் வேலை. காலனிப் பக்கம் முழுவதையும் நானும் கயலும் அளந்தோம். எங்கள் வீட்டு வாசற்படியின் உயரம்கூட எழுதிக்கொண்டாள். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி மேற்கே ஓடினாள். கோயில் படியை அளக்க வேண்டுமாம். அக்கா பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“உனுக்கு அறிவு கீதாடா?” என்று என்னிடம்தான் பாய்ந்தாள். “நம்ம புள்ள ஊர் பக்கம் போயி டேப்பு புடிச்சா இன்னா நெனப்பான் அவன்? எடத்த அளக்கறாங்கன்னு கும்பல் சேந்துக்கினு வருவான். நீ ஒரு வாரத்துல பிளேன் ஏறிடுவ. நான் இங்க குடித்தனம் பண்ணணும்.”

“ஏம்பா அத்தை கோச்சிக்கிறாங்க?” என்றாள் கயல்.

“வெயில்ம்மா. வெயில் ஜாஸ்தி, அதான்.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கயலுக்கு வறுத்த மல்லாட்டை எடுத்துவர உள்ளே போய்விட்டாள். கிழக்குப் பக்கத்தை டேப்பால் அளந்தேன். மேற்குப் பக்கத்தை ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அளந்தேன். நான் பிறந்த ஊரை அளக்க எனக்கு வானத்துக்கு மேலிருந்துதான் வழி கிடைத்தது.

5

கெல்லர் படி குறுகல் என்பதால் மூன்று பலகைகளாகச் செய்து, கொக்கி போட்டுச் சேர்க்கிற மாதிரி வைத்தேன். ஒன்றில் ஊர். நடுப்பலகையில் ஸ்டேஷன், லைன், கேட். மூன்றாவதில் காலனி. காலனிப் பலகை பெரும்பாலும் கயல் செய்தது. தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், காயப்போட்ட மல்லாட்டை, அக்காவின் ஆடு. எங்கள் வீட்டுக்கு நீலம் அடித்து உள்ளே ஒரு குட்டி விளக்கு வைத்தாள். ஸ்விட்சைப் போட்டால் அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கெரியும்.

நிலாவின் அப்பா பாஸ்கரனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். திண்டிவனத்துக்காரர், கார் கம்பெனியில் பெரிய வேலை. முதல்நாள் நான் வாயைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டார். “நம்ம ஊர்க்காரரு! கேட்டா தெரியாது?” என்று கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு மச்சான். கயலுக்கு அவர் மாமா, நிலாவுக்கு நான் மாமா. எங்கள் பக்கத்தில் மச்சான் என்கிற வார்த்தையைச் சும்மா தெருவில் போகிறவனிடம் சொல்ல மாட்டார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் முடிகிற இடத்தில்தான் சொல்வார்கள். அவர் என்னை என்னவாக நினைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவர் நேராகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஏழுமலை என்கிற என் பெயர் எங்கள் பக்கம் எல்லாச் சாதியிலும் உண்டு. ஸ்டெல்லா என்கிற கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் காதல் கல்யாணம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவன் நான் என்று ஒருநாள் சொன்னேன். சத்தியமான வார்த்தை. கொல்லை யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

பொங்கல் விழாவில் ஹாலின் நடுவில் என் ரயிலை வைக்கலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான். கயல் மேடையில் நின்று தமிழில் அதை விளக்க வேண்டும். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதி, அடித்து, திரும்ப எழுதி, குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தாள். விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்க அவர் கெல்லருக்கு வந்தார்.

வந்தவர் அசந்துபோனார். பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே கண் கலங்கினார். “மச்சான், இது எங்கம்மா ஊருக்குப் போற ஸ்டேஷன் ஆச்சே! ஸ்கூல் லீவுல இங்கதான் எறங்குவோம். இந்தக் கேட்டு... இந்தப் புளியமரம்... டேய், கோயில் மண்டபத்த அப்படியே வச்சிக்கிறியேடா!” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். செங்காவிப் பெட்டிகள் ஸ்டேஷனுக்குள் வந்து நின்றன. அவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

“மாமா, இங்க பாருங்க, எங்க வீடு!” என்று கயல் ஸ்விட்சைப் போட்டாள்.

மூன்றாவது பலகையில் நீல வீட்டுக்குள் விளக்கெரிந்தது.

பாஸ்கரன் அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு நடுப்பலகையில் லைனைப் பார்த்தார். திரும்ப விளக்கைப் பார்த்தார். இந்த நகரத்தில் வேறு எவன் பார்த்திருந்தாலும் அது ஒரு நீல வீடு. ஜெர்மன்காரனுக்கு, மதுரைக்காரனுக்கு, யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது ஒரு அழகான குட்டி வீடு. அந்த லைனின் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஒரு ஆளைக் கூட்டி வந்து என் மகள் கையாலேயே விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அளவு பிசகக் கூடாது என்று வாசற்படி உயரம் வரைக்கும் பார்த்துச் செய்தவன், பார்க்க வருகிறவன் யார் என்பதைப் பார்க்கவில்லை.

“நீங்க... லைனுக்கு அந்தாண்டயா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“ஓ. சரி சரி. ரொம்ப நல்லா பண்ணிக்கிறீங்க சார்” என்றார்.

மேலே வந்து ஸ்டெல்லா கொடுத்த காபியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார். சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“மச்சான்னு கூப்ட்ட வாயி இப்ப சார்னு கூப்புடுதா? பரவாயில்லியே, மரியாத கூடிப்போச்சி” என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

6

இரண்டு நாள் கழித்து பாஸ்கரன் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

“சார், ஹால்ல எடம் கொஞ்சம் பேஜாரா கீது. மூணு பலக வைக்க முடியாது போல. ஸ்டேஷன் பலக, ஊர் பலக, ரெண்டு போதுமே? அதுவே பாக்க நெறவா இருக்கும். அந்தாண்ட பலக எதுக்கு, வெறும் ஏரியும் காடும்தான?”

“அதுல எங்க வீடு இருக்குதுங்க.”

“இருக்கட்டுமே சார், யாரு இல்லன்னா? எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டணுமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நம்ம ஜனங்க நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. புள்ளைங்க வர்ற எடம்.”

“பொண்ணு அந்தப் பலகையப் பத்திதாங்க பேசவே போவுது” என்றேன். “வச்சா மூணும் வைக்கணும். இல்லன்னா வேணாம்.”

“சரிங்க சார். அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த பதில் என்று தெரிந்தது.

கோபம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. ஊரில் இருந்திருந்தால் இதற்குக் கத்தவாவது ஒரு இடம் இருந்திருக்கும். அக்கா கத்துவாள், காலனியில் நாலு பேர் சேர்வார்கள், வழக்கு, மறியல் ஏதாவது நடக்கும். இங்கே யாரிடம் போய்ச் சொல்ல? போலீஸ்காரனிடம் என் அரைகுறை ஜெர்மனில் இதை எப்படி விளக்குவது? ஹாலில் இடம் இல்லை என்று சொன்னார்கள் ஐயா என்றா? கம்பெனியில் என் மேலாளர் மிக நல்லவர். என் தோலின் நிறத்துக்காக எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்காகச் சண்டை போடுவார். இரண்டு பேரும் ஒரே பிரவுனாக இருக்கிற இந்தச் சண்டையை அவருக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

“கயல்கிட்ட சொல்லிடு” என்றாள் ஸ்டெல்லா. “நீ சொல்லலன்னா வேற எவனாவது சொல்லுவான். அவன் சொல்ற மாதிரி சொல்லுவான்.”

“வேணாம். சின்னப் புள்ள.”

“உனுக்கு எத்தினி வயசுல தெரியும்?”

எனக்குத் தெரியாமல் இருந்த வயது என்று ஒன்றே கிடையாது.

ஹாலில் இடம் இல்லையாம் என்று மட்டும் கயலிடம் சொன்னேன். அவள் எழுதிய தாளை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தாள். விழாவுக்கு நாங்கள் போகவில்லை. ரயில் வைக்க வேண்டிய இடத்தில் கோலப் போட்டி நடந்ததாகப் பிறகு போட்டோவில் பார்த்தேன். இடம் ஏராளமாக இருந்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளைக் கொண்டுபோய் விடுவது நான்தான். பொங்கலுக்கு அடுத்த வாரம் நிலா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் “ஹலோ அங்கிள்” என்றாள். பாவம், அந்தப் பிள்ளைக்கு அது வாயில் சரியாக வரவில்லை. மாமா என்று ஆரம்பித்து, முழுங்கி, அங்கிள் ஆக்கினாள். வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழ் வாழ வேண்டும், அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்று பாஸ்கரன் மேடையில் பேசுவார். அவர் வீட்டில் அடுத்த தலைமுறைக்கு எது ஜல்தியாகப் போய்ச் சேருகிறது என்று அந்த வாசலில் பார்த்தேன்.

அதன் பிறகு கயல் தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் தமிழை விட்டுவிடுகிறார்கள் என்று ஊரிலிருந்து நீங்கள் வருத்தப்பட்டு எழுதுகிறீர்கள். விடுகிற பிள்ளைகளில் சிலதை யாராவது பிடித்துத் தள்ளியிருக்கலாம் என்பதையும் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள்.

7

போன சனிக்கிழமை நிலாவின் பிறந்தநாள். ஸ்டெல்லாவுக்கு ட்யூட்டி. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கயலைக் காணவில்லை. கெல்லரில் விளக்கெரிவது தெரிந்து கீழே இறங்கிப் போனேன்.

மூன்று பலகையும் சேர்ந்திருந்தன. அவள் கையில் பசைக் குழாய். காலனி வரிசையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு சதுரக் கறை மட்டும் இருந்தது. நீல வீடு லைனைக் கடந்து, கேட்டைக் கடந்து, மேற்கே கோயில் தெருவில் இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஒயரைக்கூடக் கச்சிதமாக இழுத்து இணைத்திருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது.

“என்னம்மா பண்ணியிருக்க?”

“நிலா சொன்னாப்பா. நம்ம வீடு தப்பான பக்கத்துல இருக்காம். அவங்கப்பா சொன்னாராம். அதான் சரி பண்ணிட்டேன்.”

கணக்கில் ஒரு தப்பைத் திருத்திவிட்ட முகம் அது. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். இனிமேல் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

“யாரக் கேட்டு அங்க வச்ச?” என்று என் வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கேட்டது என் குரல் மாதிரியே இல்லை.

“யாரக் கேக்கணும்? எடம் இருந்துச்சு” என்றாள்.

அந்தத் தெருவில் என் அப்பா ஒருதரம் மனை கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு லைனைக் கடந்து போகிறார்களே, பக்கத்திலேயே இருக்கலாம் என்று ஆசை. விற்கிறேன் என்று சொன்னவரே இரண்டு நாள் கழித்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஊர்ல ஒத்துக்க மாட்டன்றாங்க, மனசுல வச்சிக்காத” என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சரிங்க என்றார். வீட்டுக்குள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிட எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

வீட்டைப் பிடித்து இழுத்தேன். பசை காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு, அங்கே கிடந்த பழைய பெட்டியின் மேல் அவளை உட்காரவைத்து, எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சாதி என்கிற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்தடவையாக என் மகளிடம் சொன்னேன். தமிழில் சொல்லி, புரியாத இடத்தில் என் உடைந்த ஜெர்மனில் சொல்லி, திரும்பத் தமிழில் சொன்னேன். லைனுக்கு அந்தாண்ட ஏன் வீடு கட்டினார்கள், தாத்தாவுக்கு ஏன் மனை கிடைக்கவில்லை, அத்தை ஏன் கையைப் பிடித்து இழுத்தாள், பாஸ்கரன் ஏன் போன் செய்தார், எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வெயில் காரணம் இல்லை என்பதையும் சொன்னேன்.

பசை ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“இது அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“அத்தைக்கு?”

“தெரியும்மா.”

“நிலாவுக்கும் அவங்கப்பாவுக்கும்?”

“தெரியும்.”

பசைக் குழாயை மூடி வைத்தாள்.

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?” என்றாள்.